ஒரு ஹெயில் மேரி தாங்கும் வரை

கதவைச் சாத்தியாயிற்று. தாழ் போடவில்லை. தாழ் போட்டுக்கொண்டு நான் இங்கே விழுந்து கிடந்தால் உடைத்துத்தான் திறக்க வேண்டும். அந்தக் காட்சியை வசுமதிக்கு இலவசமாகக் காட்டுகிற உத்தேசம் எனக்கில்லை. பதினொரு மணிக்கு வருகிறாள், இவருடைய தங்கை. அவள் காருக்குப் பின்னாலேயே, இவரைக் கொண்டுபோக, அந்தப் பராமரிப்பு இல்லத்து வேனும் வருகிறது, ஆளைப் படுக்கையோடு ஏற்றுகிற வேன். அதற்குள் ஒரு சுற்று முடித்துவிட வேண்டும். இன்றைக்கு எதற்கு என்றால் எனக்கே தெரியாது, பரீட்சை அன்று காலையில் புத்தகத்தைப் புரட்டுகிற மக்குப் பிள்ளை மாதிரி, ஆனால் புரட்டாமல் இருக்க முடியவில்லை. பக்கத்து அறையில் இவர் இட்லி சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு என்ன, நான் ஊட்டிவிட்டு, பக்கவாதம் இழுத்த வலது கடைவாயில் ஒதுங்கிக் கிடந்ததை விரல் விட்டு வழித்தெடுத்துவிட்டு, சாய்ந்து கிடக்கிறார். டிவியில் யாரோ சிரித்துக்கொண்டே கத்தரிக்காய் வதக்குகிறார்கள். பாயை விரிக்கிறேன். கோரைப்பாய் இல்லை, மகள் தாரிணி சிட்னியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வரவழைத்துக் கொடுத்த ஊதா நிற ரப்பர், இன்னும் புதுச் செருப்பு மாதிரி நாறுகிறது. கூடவே ஒரு பை. "ஒரு முழு ஜிம்மே இதுக்குள்ள இருக்கும்மா, கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம்" என்றாள். கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே பெட்பேன், யூரின் பாட்டில், பழைய சூட்கேஸ். ஜிம்மும் இருந்துவிட்டுப் போகட்டும். தொடையில் மாட்டிக்கொள்ள ரப்பர் வளையம் மூன்று நிறத்தில், தரையில் வழுக்குகிற தட்டு இரண்டு, டைல்ஸில் வைத்து அழுத்தினால் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்கிற ஒரு குட்டிக் கம்பி. அவ்வளவுதான். ஐம்பத்து மூன்று வயதுப் பெண்பிள்ளையின் பின்தொடையையும் அதற்கு மேலே இருப்பதையும் உருக்கு மாதிரி ஆக்க இவ்வளவு போதுமாம். மேலே இருப்பது. பாருங்கள், மனசுக்குள்ளே கூட எனக்கு அதன் பெயர் வரமாட்டேன் என்கிறது.

பச்சை வளையத்தை முட்டிக்கு மேலே ஏற்றிக்கொண்டு மல்லாந்து படுக்கிறேன், காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி, அப்படியே நிறுத்தி. எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று பேனாசிர், அந்த பிசியோதெரபிப் பெண், போனில் டைமர் வைக்கச் சொன்னாள். எனக்கு எதற்கு டைமர். ஒரு ஹெயில் மேரி, அந்த மாதா ஜெபம், சொல்லி முடிக்கிற வரைக்கும். நான் கும்பிடுகிற சாமி வேறு, நெற்றியில் திருநீறு இல்லாமல் அடுப்பு பற்ற வைத்ததில்லை, ஆனால் கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் காலையும் மாலையும் சொல்லிச் சொல்லி அது என் நாக்கில் கடிகாரம் மாதிரி ஓடுகிறது, முட்டை வேக இத்தனை ஹெயில் மேரி, டீ கொதிக்க இத்தனை. பிரசவ வலியில் நான் இதை முணுமுணுத்ததைக் கேட்டு என் மாமியார் குழந்தையையே மதம் மாற்றிவிட்டேன் என்று பயந்துபோனார். இறக்கு. மறுபடி தூக்கு. இடுப்பு மேலே போகும்போது விதானத்தில் அந்த ஈரக்கறை தெரிகிறது, மேல் ஃப்ளாட்காரன் பாத்ரூம் ஒழுகல், சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நடுவில் வந்ததும் தொடை நடுங்குகிறது. "டக் இட் இன், சைல்ட்." சிஸ்டர் ஜெர்வாசியா. செத்துப் புதைத்து எத்தனை காலம், இடுப்பைத் தூக்கினால் வந்துவிடுகிறாள். வராண்டாவில் எங்களை வரிசையாக நடக்கவிட்டு, கையில் அடிஸ்கேல், எவளுடைய பின்பக்கம் கொஞ்சம் தள்ளிக்கொண்டு தெரிகிறதோ அவளுக்கு அங்கேயே லேசாக ஒரு தட்டு. வலிக்காது. அதுதான் மோசம், வலித்திருந்தால் மறந்திருப்பேன். உள்ளே இழு, பெண்பிள்ளை என்றால் முன்னால் இருந்தும் பின்னால் இருந்தும் ஒரே கோடாக இருக்க வேண்டும், மாதாவைப் பார். பார்த்தேன். ஒரு நாள் எல்லாரும் ரீசெஸில் இருக்கும்போது மாதா குகையின், கெபி என்பார்கள், பாறையில் ஏறி மாதா சொரூபத்துக்குப் பின்னாலேயும் எட்டிப் பார்த்தேன். பின்னால் ஒன்றுமில்லை. வர்ணம் கிடையாது, மடிப்பு கிடையாது, வெறும் சுண்ணாம்புத் தட்டை, நடுவில் குழி, குழிக்குள் துருப்பிடித்த ஒரு கம்பி, கம்பியில் சிலந்தி. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏதோ ரகசியம் தெரிந்துகொண்ட மாதிரி. நன்றாக இழுத்துப் பிடித்தால் நமக்கும் ஒரு நாள் பின்னால் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும் என்று நம்பினேன். ஆகியும் விட்டது. "ஆன்ட்டி, உங்க க்ளூட்ஸ் தூங்கிப்போச்சு. சுத்தமா வேலையே செய்யல. அதோட வேலையையும் சேர்த்து முதுகு செய்யுது, அது என்ன பாவம் பண்ணுச்சு?" இது பேனாசிர், முதல் நாள் என்னைக் குப்புறப் படுக்கப் போட்டு ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு. பின்பக்கத்துச் சதைக்குப் பெயர் க்ளூட்ஸாம். இங்கிலீஷில் சொன்னால் உடம்பில் இருக்கிற எதற்கும் வேட்டி கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

பேனாசிரை எனக்குப் பிடிக்காது, பிடிக்கவும் செய்யும். வீட்டுக்குள் நுழையும்போதே ஃபிரிட்ஜில் என்ன இருக்கிறது என்று கேட்கிற ரகம். இவரை "என்ன கனகசபை அங்கிள், இன்னிக்கி ஹீரோ மாதிரி இருக்கீங்க" என்பாள், இவருடைய இடது உதடு மட்டும் மேலே போகும், வலது உதடு அப்படியே இருக்கும். அவள்தான் எனக்குத் தூக்கக் கற்றுக்கொடுத்தவள். ஆளைக் கட்டில் ஓரத்துக்கு உருட்டி உட்கார வை, இடுப்பில் பெல்ட் போடு, அவருடைய செத்த முட்டியை உன் முட்டியால் அணைத்துக்கொள், பெல்ட்டைப் பிடி, பிறகு, இங்கேதான் வந்து நின்றுவிடும் எனக்கு, பிறகு இடுப்பைப் பின்னால் தள்ளு. "குனியாதீங்க ஆன்ட்டி, மடிங்க. முதுகு நேரா இருக்கணும், பின்னாடி மட்டும் போகணும். ரெண்டு கையிலயும் காய்கறிப் பை இருக்கு, கார் கதவைச் சாத்தணும், எப்படிச் சாத்துவீங்க? இடிச்சுத்தானே? அதே மாதிரி." "நான் காரை அப்படிச் சாத்தினதில்லை" என்றேன். "பையைக் கீழே வெச்சுட்டுச் சாத்துவேன்." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அதான் பார்த்தாலே தெரியுதே" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, அவள் சொன்னது நிஜமாக இருந்ததால் கூடுதலாக வந்தது. முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் நான் இவர் முன்னால் குனிந்து ஒரு சாமானை எடுத்ததில்லை. கீழே சாவி விழுந்தால் பக்கவாட்டில் திரும்பி, முட்டியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முதுகைக் கம்பு மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்து எடுப்பேன், ஜெர்வாசியா சொல்லிக்கொடுத்தபடி. முந்தானையைப் பின்னால் சுற்றி இழுத்து இடுப்பில் செருகாமல் இவருக்கு முன்னால் நடந்ததில்லை. பிள்ளை பெற்றேன், அதில் இருக்கிற அசிங்கமெல்லாம் பட்டேன், ஆனால் இது மட்டும், விளக்கு எரிகிற அறையில் ஒரு ஆம்பிளைக்கு முன்னால், அவர் புருஷனாகவே இருந்தாலும், பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு நிற்பது. இவருக்கு முன்னால்கூட இல்லை. அங்கேதான் அந்த பீரோ. கட்டிலுக்கு நேர் எதிரே நிற்கிறது, கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக் கொடுத்த ஆள் உயரக் கண்ணாடி வைத்த பீரோ. இவரைத் தூக்க நான் நின்றால் என் முகம் இவருக்கு, என் முதுகு கண்ணாடிக்கு, கண்ணாடி முழுக்க இவருக்கு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், இவருக்கு வேறு வேலை என்ன.

வளையத்தைக் கழற்றவில்லை, கழற்றி மாட்டினால் நேரம் போகும். தட்டுகளைக் குதிகாலுக்குக் கீழே வைத்துக்கொண்டு, இடுப்பைத் தூக்கியபடியே காலை நீட்டி, மெதுவாக இழுத்து, நீட்டி, இழுத்து. பின்தொடையில் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்குகிறது. பிளாஸ்டிக் டைல்ஸில் சர்ர்ர் என்று போய் சர்ர்ர் என்று வருகிறது. இந்தச் சத்தம் அந்த அறைக்குக் கேட்கும். கேட்டு என்ன நினைத்துக்கொள்வார். தினமும் காலையில் இவள் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறாள் என்று நான் சொன்னதில்லை, பேச்சு போன இவரால் கேட்க முடியாது. அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். நினைக்கட்டும். பொன்மலை ஒர்க்ஷாப்பில் ரயில் பெட்டியையே சக்கரத்திலிருந்து பிரித்துத் தூக்கினவர். "தூக்கறதுக்கு பலம் வேண்டாம் சுகந்தி, எங்க ஜாக்கி வெக்கணும்னு தெரிஞ்சா போதும்" என்பார், காபி குடித்துக்கொண்டே, நான் கேட்காத போதே. எனக்கு அப்போது அதெல்லாம் காதில் விழாது, ஆம்பிளைகள் ஆபீஸ் பெருமை பேசினால் நான் குழம்பில் உப்பு போட்டோமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். இப்போது ஒரு பெட்டி மாதிரி கிடக்கிறார், தண்டவாளம் இல்லாமல், ஜாக்கி வைக்கத் தெரிந்தவர் அவர், வைக்க வேண்டியவள் நான். எவ்வளவு கனம். இளைத்தும் கனம். செத்த பாதி உயிருள்ள பாதியைவிடக் கனம், இதை எந்த டாக்டரும் சொல்லமாட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் வசுமதி வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஹேண்ட்பேக்கோடு. "நீங்க பாட்டுக்குச் செய்யுங்க அண்ணி, நான் சும்மா பார்க்கறேன்." சும்மா பார்ப்பதற்கு அவளைவிட ஆள் கிடையாது. பெல்ட்டைப் பிடித்தேன். பின்னால் கண்ணாடி, பக்கத்தில் நாத்தனார். இடுப்பைத் தள்ள வேண்டிய இடத்தில் என் உடம்பு தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டது. முதுகால் தூக்கினேன். பாதி தூரம் எழுந்தார், என் கழுத்தில் இவருடைய மூச்சு, அப்புறம் இடுப்பில் ஏதோ நழுவி நானும் இவருமாகச் சரிந்து, ஒருவர்மேல் ஒருவராக, கல்யாணமான புதிதில்கூட அப்படி விழுந்ததில்லை. வாட்ச்மேனும் எதிர் ஃப்ளாட்டுப் பையனும் வந்துதான் எங்களைப் பிரித்தெடுத்தார்கள். இவர் அழுதார். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அழுவார், மூளையில் அந்த இடம் கெட்டுப்போனால் அப்படித்தான் என்கிறாள் பேனாசிர். அன்றைக்கு மூளையா வேறெதுவுமா என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

வசுமதி அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், என் முதுகில் தைலம் தேய்த்தாள், நன்றாகவே தேய்த்தாள், அப்புறம் சொன்னாள். "அண்ணி, உங்களுக்கும் வயசாகுது. நான் உங்களைக் குறை சொல்லல. பார்த்துக்க வெச்ச ஆளும் நிக்கமாட்டேங்குது உங்ககிட்ட." ஆள் நிற்கவில்லைதான். ஒருவன் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே இவர் வாயில் இட்லியைத் திணித்தான், அவனை நான் துரத்தினேன். அடுத்தவன் நான் துரத்துவதற்கு முன்னாலேயே போய்விட்டான், என் வாய்க்குப் பயந்து என்று வசுமதி நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். "தாரிணிகிட்டயும் பேசிட்டேன். அவளும் சரிங்கறா. காவேரிக்கு அந்தப் பக்கம் ஒரு இல்லம், ரொம்பச் சுத்தம், நாலு ஆம்பிளைப் பசங்க, தூக்க எறக்க மெஷினே இருக்கு." நான் தைலப் பாட்டிலை மூடினேன். "சரி, பொங்கல் கழியட்டும், ஒரு நாள் சொல்றேன். அன்னிக்கி நான் வண்டியோட வரேன். நீங்க தனி ஆளா ஒரே ஒரு தடவை தூக்கி வீல்சேர்ல உட்கார வெச்சுக் காட்டுங்க, வண்டியைத் திருப்பி அனுப்பிடறேன். என் அண்ணன் மேல சத்தியம்." அண்ணன் மேல்தான் சத்தியம் செய்ய முடியும் அவளால், அவள் புருஷன் மேல் செய்ய முடியாது, அவர் ஒரே நாளில் மாரடைப்பில் போய்விட்டார், யாருக்கும் ஒரு நாள் சிரமம் கொடுக்காமல் போனார் என்று ஏதோ அவர் மெடல் வாங்கின மாதிரி சொல்வாள். பொங்கல் கழிந்துவிட்டது. இன்றைக்குத்தான் அந்த அன்றைக்கு.

குட்டிக் கம்பியை டைல்ஸில் வைத்து அழுத்துகிறேன், ப்ளக் என்று ஒட்டிக்கொள்கிறது. முட்டிக்கு அடியில் தலையணை. கணுக்காலைக் கம்பிக்கு அடியில் செருகிக்கொண்டு முட்டி போடுகிறேன், கையை மார்பின் குறுக்கே கட்டி, முட்டியிலிருந்து தலைவரை ஒரே கோடாக, அப்படியே முன்னால் சாய வேண்டும், விழாமல், பின்தொடையால் மட்டும் பிடித்துக்கொண்டு. முழுக்கச் சாய எனக்கு இன்னொரு ஜென்மம் வேண்டும், ஒரு சாண் போதும் என்றாள் பேனாசிர். முட்டி போடுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பேசினால் முட்டி, சிரித்தால் முட்டி, தமிழில் பேசினால் முட்டி. சாய்கிறேன். ஹெயில் மேரி பாதியில் நிற்கிறது. அந்த இல்லத்தை நான் போய்ப் பார்த்தேன், வசுமதிக்குத் தெரியாது, ஆட்டோ வைத்துக்கொண்டு தனியாகப் போனேன், குறை கண்டுபிடித்துவிட்டு வரலாம் என்று. கிடைக்கவில்லை. அதுதான் என்னை அறுக்கிறது. மூத்திர நாற்றம் அடித்தால் சண்டை போட்டிருக்கலாம். பினாயில் கொஞ்சம், அவ்வளவுதான். வாசலில் அரளி, கிரோட்டன்ஸ். சலவை செய்த லுங்கியில் எட்டுப் பத்து பேர் டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், சவரம் செய்த முகம், நகம் வெட்டிய விரல். ஒரு பையன் ஒரு பெரியவரை மெஷினில் ஏந்தித் தூக்கினான், துணித் தொட்டில் மாதிரி, அந்தரத்தில் அவர் ஒரு நிமிஷம் மிதந்தார், யாருடைய முதுகும் ஒடியவில்லை, யாரும் முனகவில்லை. அந்தப் பெரியவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாக இருந்தது அந்த முகம். யார் கையிலும் கனக்காமல் இருப்பதன் நிம்மதி. வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லவில்லை. வளையத்தைப் பச்சையிலிருந்து கறுப்புக்கு மாற்றினேன், கறுப்புதான் இறுக்கம், இரண்டு நாள் நடக்க முடியாமல் மறுபடி பச்சைக்கே வந்தேன். நான் எல்லாம் கேட்பேன் இவரிடம். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் வேண்டாம், விடாமல் தட்டினால் வா. வலது கை வீங்கினபோது மோதிரத்தைக் கழற்றி இடது கையில் போட்டுவிட்டேன், அந்த மோதிரத்தால் கட்டில் கம்பியில் தட்டுவார். காபியா என்பேன், ஃபேனைக் குறைக்கட்டுமா என்பேன், தலையணை வேண்டுமா, தாரிணியைக் கூப்பிடவா, சட்னி காரமா. கோர்ட்டில் வக்கீல்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டான். அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, எந்த மனுஷன் வீட்டை விட்டுப் போகிறேன் என்பான். அப்படியானால் கேட்டுவிட வேண்டியதுதானே. இங்கேதான் நிற்கிறது, தினமும் இங்கேதான் வந்து நிற்கிறது, கிணற்றில் வாளி சிக்கிக்கொள்கிற அந்தக் கல்லில். கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்துவிட்டேன் போல.

ஐயோ. பிடித்துக்கொண்டது. இடது பின்தொடை, முடிச்சு, முஷ்டி மாதிரி ஒரு முடிச்சு, தோலுக்குள்ளே நகர்கிறது. கையை ஊன்றினேனோ இல்லையோ தெரியவில்லை, கம்பி ப்ளக் என்று விட்டுவிட்டது, தோள்பட்டை டைல்ஸில் மோதிக் குப்புறக் கிடக்கிறேன், மோவாய்க்கு அடியில் ரப்பர் நாற்றம். கால் கட்டை விரலைப் பிடித்து இழுக்க வேண்டும், கை எட்டவில்லை. இப்படியே கிடந்தால். பதினொரு மணிக்கு வசுமதி வருவாள், கதவைத் தட்டுவாள், அவளிடம் ஒரு சாவி இருக்கிறது, வந்து பார்ப்பாள், அந்த அறையில் ஒருவர், இந்த அறையில் ஒருத்தி. "வேன்ல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கா?" என்று கேட்பாள், கேட்கக்கூடியவள்தான். எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்தால் தொடை இன்னும் இறுகுகிறது. அப்போது கேட்கிறது. டக் டக் டக் டக் டக். மோதிரம், கட்டில் கம்பி, விடாமல். விழுந்த சத்தம் கேட்டிருக்கிறது இவருக்கு. "ஒண்ணுமில்லை!" என்று கத்துகிறேன். டக் டக் டக் டக். "வரேன்னு சொல்றேன்ல!" நிற்கவில்லை. இந்த மனுஷன் எழுந்து வர முயன்றால், முயல்வார், பிடிவாதம் செத்த பக்கத்தில் இல்லை, இருக்கிற பக்கத்தில் இருக்கிறது. பாதத்தைச் சுவரில் முட்டுக் கொடுத்து விரல்களை என் பக்கம் மடக்கி அழுத்துகிறேன், முடிச்சு ஒரு இழை அவிழ்கிறது. எழ முடியவில்லை. நாலு காலில் போகிறேன். சல்வாரும், தொடையில் பச்சை வளையமும், கலைந்த தலையுமாக, கதவைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு, மாடு மாதிரி.

தட்டல் நின்றுவிட்டது. தலையைத் தலையணையிலிருந்து தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் தரையிலிருந்து பார்க்கிறேன். இவரைக் கீழேயிருந்து நான் பார்த்ததே இல்லை. வளையத்தைப் பார்க்கிறார், எனக்குப் பின்னால் திறந்து கிடக்கிற கதவு வழியாக ஊதாப் பாயைப் பார்க்கிறார், தட்டுகள், கம்பி, தலையணை. ஒர்க்ஷாப் ஆள், ஒரு சாமானைப் பார்த்தால் அது எதற்கு என்று கேட்காமலே தெரிந்துகொள்வார். முகத்தின் இருக்கிற பாதியில் என்னவோ ஓடுகிறது, சர்ர்ர் என்கிற சத்தம் இத்தனை நாள் என்னவென்று இப்போது தெரிந்துவிட்டது இவருக்கு. கட்டில் காலைப் பிடித்து எழுந்து நிற்கிறேன். "என்ன, ஒண்ணுக்கா?" டக் டக். "தண்ணியா?" டக் டக். "நான் விழுந்தேனான்னு பார்க்கவா?" டக். ஒன்று. "பார்த்தாச்சு இல்ல? சரி, இப்ப இன்னொண்ணு பாருங்க. தூக்கிக் காட்டறேன்." பதில் சொல்ல நான் இடம் கொடுக்கவில்லை. உருட்டி, காலைத் தொங்கவிட்டு, தோளை அணைத்து உட்கார வைக்கிறேன். வீல்சேரை இழுத்துப் பிரேக் போடுகிறேன். பெல்ட். முட்டியோடு முட்டி. பச்சை வளையம் இன்னும் என் தொடையில், முட்டியை வெளியே தள்ளிக்கொள்ளச் சொல்லி இழுக்கிறது. நிமிர்ந்து பார்க்கிறார், என்னை இல்லை, எனக்குப் பின்னால். பீரோக் கண்ணாடி. பார்க்கட்டும். ஜெர்வாசியா வரட்டும், ஸ்கேலோடு வரட்டும், வசுமதி வரட்டும், மாதா பாறையை விட்டு இறங்கித் திரும்பி நிற்கட்டும். இடுப்பைப் பின்னால் தள்ளுகிறேன். வெட்கங்கெட்டுப் போய், கார் கதவை இடித்துச் சாத்துகிற மாதிரி, கண்ணாடி முழுக்கத் தெரியட்டும் என்று தள்ளுகிறேன். முதுகு நேராகிறது. பின்னால் எங்கேயோ, அத்தனை வருஷம் ஒன்றுமே இல்லாத இடத்தில், ஏதோ ஒன்று விழித்துக்கொண்டு பிடிக்கிறது. "ம்." எழுந்துவிட்டார்.

நிற்கிறோம். நெஞ்சோடு நெஞ்சாக, இவருடைய தாடை என் தோளில், நல்ல கை என் முதுகில். எவ்வளவு உயரம் இவர், மறந்தே போய்விட்டேன், ஒரு வருஷமாக எனக்கு இவர் படுக்கையின் உயரம்தான். திருப்பி நாற்காலியில் இறக்க வேண்டும். இறக்கவில்லை. முனகல் இல்லை, நடுக்கம் இல்லை, தொடை தூண் மாதிரி நிற்கிறது, கனக்கிறார், கனக்கட்டும், என்னால் முடிகிறது. கண்ணாடியில் இப்போது எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பார். முடிகிறது என்றால் இனிப் பயப்பட என்ன இருக்கிறது, இப்போது கேட்கலாம், இப்போது கேட்காவிட்டால் எப்போது. கீழே ஒரு கார் ஹார்ன், வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிற சத்தம், பின்னாலேயே பெரிய வண்டி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற கீக் கீக். காதுக்குப் பக்கத்தில், அத்தனை கிட்டத்தில், கத்த வேண்டியதே இல்லை. "பாருங்க, தூக்கிட்டேன். இனிமே தினமும் தூக்குவேன். வசுமதியை நான் அனுப்பிடுவேன். உங்களுக்கு… அங்க போகணுமா?" என்னைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறுகியது. வளையத்தை நினைத்துக்கொண்டாரோ, நாலு காலில் வந்தேனே அதை நினைத்துக்கொண்டாரோ. என் தோள்பட்டைக்குக் கீழே ஒரு விரல் எழுந்து விழுந்தது. ஒரு தட்டு. மெதுவாக, தூங்குகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி. வேண்டாம் என்பதற்கு இரண்டாவது வர வேண்டும். இவருக்கு இரண்டாவது தட்டு சில சமயம் தாமதமாக வரும், விரல் சோர்ந்துபோகும், சட்னி கேட்டபோதுகூட அப்படித்தான். நிற்கிறேன். லிஃப்ட் கதவு திறக்கிறது. காலிங் பெல் இரண்டு தரம் அடிக்கிறது, அது இவர் விரல் இல்லை. "அண்ணி!" என்கிறாள் வசுமதி வெளியேயிருந்து. ஒரு ஹெயில் மேரி முடிந்துவிட்டது. தொடை தாங்குகிறது, இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தாங்கும். இவர் கை என் முதுகில் அசையாமல் இருக்கிறது. அடுத்ததை ஆரம்பிக்கிறேன்.